இன்னொரு பார்ட்டி

சென்னையில் வீடு தேடி அலைந்த பதினான்கு மாதத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "சார், இன்னொரு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க, நீங்க சீக்கிரம் சொல்லிடுங்க" என்பதுதான். ஆதம்பாக்கத்தில் கேட்டேன், நங்கநல்லூரில் கேட்டேன், கோவிலம்பாக்கத்தில் நிலவாசலுக்குக் கதவே மாட்டாத ஒரு ஃபிளாட்டில் நின்றுகொண்டு கேட்டேன். புரோக்கர் மாறுவார், தெரு மாறும், இந்த வாக்கியம் மட்டும் மாறாது. நாளாக ஆக அது எனக்கு மார்க்கெட்டில் கீரைக்காரம்மா "இதுதான் கடைசிக் கட்டு" என்று சொல்வதைப் போல ஆகிவிட்டது. கேட்டுக்கொள்வேன், நம்ப மாட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இன்னைக்கும் இன்னொரு பார்ட்டி வந்துட்டுப் போயிட்டாராம்" என்று சொல்லிச் சிரிப்போம். எங்கள் வீட்டில் அவர் கிட்டத்தட்ட ஒரு சொந்தக்காரர் மாதிரி. எங்களுக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்விடுவார், முகத்தை மட்டும் காட்ட மாட்டார்.

ஒரு நாள் காட்டினார். அதை எழுதத்தான் இந்தப் பதிவு. வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அது மனதில் சரியாக உட்காரவில்லை.

தேட ஆரம்பித்தது 2023 ஜனவரியில். வாடகை 19 ஆயிரம், பெண் ஆறாம் வகுப்பு, ஹவுஸ் ஓனர் பையனுக்குக் கல்யாணம் ஆகப் போகிறது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். காரணங்கள் எல்லாருக்கும் உள்ளதுதான். கையில் என்ன இருக்கிறது, வங்கி எவ்வளவு கொடுக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்பினோம். முப்பதிலிருந்து எழுபத்தைந்து லட்சம் வரை கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரும். மீதி 20 நம்முடையது. பத்திரச் செலவு அந்தக் கணக்கில் வராது, அதுவும் நம் கையிலிருந்துதான். பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் அப்போது 4. நாங்கள் தேட ஆரம்பித்த மூன்றாவது மாதம் பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள், சந்தோஷப்பட்டோம். அது நடைமுறைக்கு வந்த அதே ஏப்ரல் ஒன்றாம் தேதி வழிகாட்டி மதிப்பை (கைடுலைன், பத்திரச் செலவுக்கு அரசு குறிக்கும் நில விலை) ஏற்றியும் விட்டார்கள். இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் வாங்குவது என்பது இதுதான்.

லோனா?

வீடு வாங்குவதில் கஷ்டம் பணம்தான் என்று போகும்போது நினைத்திருந்தேன். போன பிறகுதான், பணம் எந்த உருவத்தில் இருக்கிறது என்பதும் ஒரு கஷ்டம் என்று தெரிந்தது. ஓனர் நம்மை உட்கார வைத்து, காபி கொடுத்து, பையன் எங்கே இருக்கிறான், பெண் எங்கே இருக்கிறாள் என்று பேசிவிட்டு, கடைசியில் "லோனா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். "ஆமாம் சார்" என்று நாம் சொன்னதும் அந்த முகத்தில் ஒன்று லேசாக அணையும். லோன் என்றால் வங்கி வக்கீல் படிக்க வேண்டும், வேல்யுவர் வந்து அளந்து மதிப்புப் போட வேண்டும், ஒன்றரை மாதம் ஆகும், விலை முழுவதையும் பத்திரத்தில் காட்ட வேண்டும். ஆதம்பாக்கத்தில் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "கைடுலைனுக்குப் பத்திரம், மீதி இருபத்தஞ்சு ரொக்கமா." பத்திரத்தில் எழுதின விலையை வைத்துத்தான் வங்கி கடன் கொடுக்கும். அந்த இருபத்தைந்துக்குச் சம்பளக்காரன் எங்கே போவான்? இருபதாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று 2015-இலேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கொடுத்த காபி நன்றாக இருந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ரொக்கம் கேட்காத ஓனர் கிடைத்தால் அங்கே வேகம் கேட்பார்கள். நங்கநல்லூரில் ஒரு ஃபிளாட், இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்தது, ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். மூலப் பத்திரத்தில் ஒரு இடத்தில் வாரிசு ஒருவருடைய கையெழுத்து இல்லாத மாதிரி எனக்குப் பட்டது. வக்கீலிடம் காட்டுகிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். நாலாவது நாள் போன் வந்தது, அட்வான்ஸ் வாங்கியாச்சு என்று. வாங்கியவர் பத்திரத்தைப் பார்த்தாரா என்று புரோக்கரைக் கேட்டேன். "அவர் எதுக்கு சார் பாக்கணும், மூணாவது வீடு வாங்குறாரு" என்றார். இந்தப் பதிலை நான் இன்றுவரை முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒன்று மட்டும் தெரிந்தது. இந்தப் பந்தயத்தில் படித்துப் பார்க்கிறவன் பின்னால்தான் ஓடுவான். கோவிலம்பாக்கத்தில் படித்துப் பார்த்ததால் தப்பித்தோம் என்பதும் உண்மை. அப்ரூவல் மூன்று மாடிக்கு, எங்களுக்குக் காட்டின ஃபிளாட் நான்காவது மாடியில். அது தப்பித்த கணக்கில் வரும், கிடைத்த கணக்கில் வராதே.

இடையில் மிக்ஜாம் வந்தது. 2023 டிசம்பர். வீடு தேடுகிறவனுக்குப் புயல் ஒரு வகையில் உதவி, இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வடிந்த அடுத்த வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் சுற்றினேன். காம்பவுண்டுச் சுவரில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு. ஓனர்களைக் கேட்டால் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் "ரோட்டுல வந்துச்சு சார், உள்ள வரல" என்பார்கள். 2015 வெள்ளத்துக்கும் அதே பதில்தான். இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே வழி தெருமுனை இஸ்திரிக்காரர். அவருக்கு விற்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை. பத்து சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டுக் கேட்டால், எந்த வீட்டில் கார் மிதந்தது, எந்த வீட்டில் சம்ப்பில் சாக்கடை கலந்தது, யார் மாடியில் மூன்று நாள் பால் இல்லாமல் இருந்தார்கள் என்று வீட்டு எண்ணோடு சொல்வார். வக்கீல் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் லீகல் ஒப்பீனியனுக்கு எட்டாயிரம் கொடுக்கிறோம், அவருக்கு நூறு ரூபாய் கொடுத்ததில்லை.

மடிப்பாக்கம்

அப்படி ஒரு இஸ்திரிக்காரர் "அந்தக் கட்டடம் பரவால்ல சார், மேட்டுல இருக்கு, கேட் வரைக்கும்தான் வந்துச்சு" என்று சான்றிதழ் கொடுத்த ஃபிளாட்தான் இது. பன்னிரண்டு வருடப் பழைய கட்டடம், தரைக்கு மேல் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, இரண்டாவது மாடி. பில்டர் பாஷையில் 940 சதுர அடி, டேப் வைத்து உள்ளே அளந்தால் 735. யு.டி.எஸ்., அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் நம் பங்கு, 420. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் இந்தப் பக்கமாகத்தான் வருகிறது. ரயில் இன்னும் வரவில்லை, பள்ளமும் தடுப்பும் புழுதியும் வந்துவிட்டன, அவற்றுக்கெல்லாம் முன்னாலேயே விலை வந்துவிட்டது. ஓனர் ஓய்வு பெற்ற மனிதர், மனைவி தவறிய பிறகு கோயம்புத்தூரில் மகளிடம் போகிறார். எழுபது கேட்டார். எல்லாமே வெள்ளை, ஆனால் ஒரே நிபந்தனை: "விலை பேசி முடிஞ்ச மூணு நாளில அக்ரிமெண்ட் போடணும். இழுத்தடிக்கிறவங்க வேணாம்."

நாங்கள் அறுபத்தாறு சொன்னோம். புரோக்கர் வழக்கம்போல இன்னொரு பார்ட்டி அறுபத்தேழரை சொல்லியிருப்பதாகச் சொன்னார். நான் வழக்கம்போல நம்பவில்லை, ஆனாலும் அறுபத்தெட்டு என்றேன். நம்பாமலே ஏற்றுவதுதான் இதில் வேடிக்கை.

இரண்டாம் முறை பார்க்கப் போன ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நான் மட்டும் போனேன். புரோக்கர் சாவியோடு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். கீழே பார்க்கிங்கில் ஒருவர் நின்றிருந்தார், முப்பத்தெட்டு நாற்பது வயதிருக்கும், தோளில் ஆபீஸ் பை, கையில் ஒரு டேப். பக்கத்தில் ஒரு பையன், ஏழெட்டு வயது, தூணைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். "நீங்களும் செகண்ட் ஃப்ளோரா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். "அப்போ நீங்கதான் இன்னொரு பார்ட்டி!"

எனக்கும் சிரிப்பு வந்தது. நான் வேறு யாருக்கோ இன்னொரு பார்ட்டியாக இருக்க முடியும் என்பது பதினான்கு மாதத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவர் வீட்டிலும் அதே நகைச்சுவைதான் ஓடியிருக்கிறது, அவர் மனைவி என்னைக் "கண்ணுக்குத் தெரியாதவர்" என்று சொல்வாராம். மழை பிடித்துக்கொண்டது. பையன் கைப்பிடிச் சுவரில் உட்கார, நாங்கள் இருவரும் யாரோ ஒருவருடைய ஆக்டிவா மேல் சாய்ந்துகொண்டு, இரண்டு நோயாளிகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவார்களே, அப்படிப் பேசினோம். எந்த ஏரியாவில் எந்த புரோக்கர் மோசம், எந்த வங்கி வேல்யுவேஷனில் குறைக்கிறது, ஐம்பது லட்சத்துக்கு மேலான வீட்டுக்கு நாம் விலையிலிருந்து பிடித்துக் கட்ட வேண்டிய ஒரு சதவீத வருமான வரியை, அதாவது டி.டி.எஸ்-ஸை, ஓனருக்குப் புரிய வைப்பது எவ்வளவு கஷ்டம் என்றெல்லாம். ஒரு ஓனர் அவரைப் பார்த்து "எம் பணத்துல நீ என்ன கமிஷன் பிடிக்கிற?" என்று கத்தியிருக்கிறார். எனக்கும் அதே கதை உண்டு, கிட்டத்தட்ட அதே வசனம்.

நல்ல வக்கீல் கிடைக்கவில்லை என்று நான் புலம்பினேன். அவர் உடனே போனை எடுத்து ஒரு நம்பரை அனுப்பினார். "தாம்பரம் பக்கம். வரி வரியாப் படிப்பாரு. என் பேரைச் சொல்லுங்க." அப்படித்தான் இருவரும் நம்பர் மாற்றிக்கொண்டோம். அப்புறம், மழை விடப்போகிற நேரத்தில், நான் கேட்காமலே சொன்னார்: "இந்த வீடு எங்களுக்கு அறுபத்தொம்போது வரைக்கும்தாங்க தாங்கும். அதுக்கு மேல ஒரு ரூபா முடியாது. அதுவே வைஃப் வளையல வெச்சுத்தான். உங்களுக்குக் கெடச்சாலும் சந்தோஷம்தான்."

புரோக்கர் வந்தார், எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். மேலே போனோம். அவர் பையனோடு உள்ளறையை அளந்தார். நான் ஹாலை அளந்தேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார்.

அன்று இரவு

இதற்கு மேல் நடந்ததை நான் பலரிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஆபீஸில் சொல்லும்போது சாமர்த்தியக் கதையாகச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லும்போது அதிர்ஷ்டம் என்றேன். இங்கே நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒன்பதரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் புரோக்கருக்குப் போன் செய்து, அறுபத்தொன்பதரை என்றேன். எழுபதும் இல்லை, அறுபத்தொன்பதும் இல்லை. "சூப்பர் சார், கரெக்டா அடிச்சீங்க" என்றார். அந்தக் 'கரெக்டா'வை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. பத்தே நிமிடத்தில் ஓனர் சரி என்றுவிட்டார். எப்படி அந்த நம்பரைப் பிடித்தீர்கள் என்று மனைவி கேட்டபோது ஒரு குத்துமதிப்புதான் என்றேன்.

சரி, விலை முடிந்தது. மூன்று நாளில் அக்ரிமெண்ட். என் பழைய வக்கீல் ஒரு வாரத்துக்குக் குறைந்து பார்த்துத் தர மாட்டார். நங்கநல்லூர் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தாம்பரம் வக்கீலுக்கே போன் செய்தேன். பெயரைச் சொல்லவில்லை, தெரிந்தவர் கொடுத்தார் என்று மட்டும் சொன்னேன். பத்திர நகலை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார், சர்வே நம்பரைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு நீல நிற ஃபைலை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

"இது ஏற்கனவே படிச்சதுதான். போன வாரம் முழுக்க இதே வேலை. முப்பது வருஷ வில்லங்கச் சான்று பார்த்தாச்சு, தாய்ப் பத்திரம் பார்த்தாச்சு, ஒரு செட்டில்மெண்ட்ல சந்தேகம் இருந்துச்சு, அதுக்குச் சர்டிஃபைட் காப்பி போட்டு எடுத்தாச்சு. க்ளீன். தைரியமா வாங்கலாம்."

யாருக்காகப் படித்தார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஃபைலின் மூலையில் ஸ்கெட்ச் பேனாவில் இனிஷியலோடு ஒரு பெயர் இருந்தது. வக்கீல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார், வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். புதிதாக ஒரு ஒப்பீனியன் என் பெயருக்கு அடித்துத் தருவதாகச் சொன்னார். எவ்வளவு சார் என்றேன். "படிச்ச ஃபைலுக்கு முழு ஃபீஸ் எப்படி வாங்குறது, மூவாயிரம் கொடுங்க" என்றார். நேர்மையான மனிதர்தான். அவர் அப்படிக் குறைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. முழுசாக எட்டாயிரம் வாங்கியிருந்தால் அது என் வேலை, என் செலவு என்று ஆகியிருக்கும். மிச்சம் ஐயாயிரம் யாருடையது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று நாளில் அக்ரிமெண்ட் போட்டேன். படித்துப் பார்க்கிறவன் பின்னால்தான் ஓடுவான் என்று மேலே எழுதினேன் அல்லவா, நான் படித்தும் முந்திக்கொண்டேன். படித்த நாட்கள் அவருடையவை.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே சமாதானம் சொல்வார்கள். நீ ஒன்றும் திருடவில்லையே, சந்தையில் விலை ஏற்றுவது எல்லாரும் செய்வதுதானே, அவர் ஏன் தன் லிமிட்டைச் சொன்னார், அது அவர் தப்பு. எல்லாம் சரிதான். எனக்கே இதில் ஒரு கோபமும் உண்டு, அவர் மேலேயே. முன்பின் தெரியாதவனிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? ஆனால் அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பதினான்கு மாதம் எல்லாரிடமும் பொய் விலை சொல்லி, எல்லாரிடமும் பொய் விலை கேட்டு, ஒருவனிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கும் அந்தப் பார்க்கிங்கில் தோன்றியது. நான் முந்திச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மழை இன்னும் ஐந்து நிமிடம் பெய்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். இது உண்மையா, நான் எனக்கே சொல்லிக்கொள்வதா என்று உறுதியாகத் தெரியவில்லை.

ஆளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டே போனதில் ஓனருக்கு மூன்றரை லட்சம் கூடுதலாகக் கிடைத்தது, புரோக்கருக்கு இரண்டு பக்கமும் கமிஷன். எனக்குச் சொந்தப் பணம் பதினான்கு லட்சம், பத்திரச் செலவு ஆறேகால், புரோக்கர், வக்கீல் எல்லாம் சேர்த்து இருபத்தோரு லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போனது, மாதத் தவணை 48 ஆயிரத்துச் சொச்சம். பத்திரப் பதிவு அன்று பெருவிரலை வைக்கும்போது இயந்திரம் என் ரேகையை இரண்டு முறை ஏற்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை வைத்தேன். ஓனர் அழுதார். இருந்த வீடு அல்லவா.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அந்த இன்னொரு பார்ட்டியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "சார், அந்த மடிப்பாக்கம் வீடு போயிடுச்சு. யாரோ ஃபுல் கேஷ் பார்ட்டியாம். நமக்கெல்லாம் கஷ்டம்தான் போல. உங்களுக்கு வேற ஏதாவது அமைஞ்சுதா? வக்கீலப் பார்த்தீங்களா?" புரோக்கர் அப்படிச் சொல்லியிருக்கிறார். நான் அந்த 'நமக்கெல்லாம்' என்ற வார்த்தையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டேன் என்று அவருக்கு நீல டிக் போய்விட்டது, பதில் போட்டாக வேண்டும். "வக்கீலைப் பார்த்தேன், நல்லாப் படிக்கிறார், தேங்க்ஸ்" என்று போட்டேன். மூன்றுமே உண்மை.

அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார், கூடவே "உங்க பக்கம் ஏதாவது வந்தா சொல்லுங்க" என்பார். எங்கள் பக்கம் எது என்று அவர் கேட்டதில்லை. எங்கள் மேல்வீட்டுக்காரர், மூன்றாவது மாடி, அதே அளவு, அதே அமைப்பு, பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறார். புரோக்கரிடம் போகாமல் தெரிந்தவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார், எங்களிடம் போன மாதம் சொல்லி வைத்திருந்தார். அதே தாய்ப் பத்திரம், நிலத்துக்கு அதே வில்லங்கச் சான்று. அந்த நீல ஃபைல் இருந்தால் ஒரே நாளில் லீகல் முடிந்துவிடும்.

நாலு நாள் யோசித்துவிட்டு நேற்று இரவு அவருக்கு எழுதினேன். கட்டடத்தின் பெயரைப் பார்த்ததும் ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் 'டைப்பிங்' என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம். மூன்றாவது மாடிக்குப் போக வேண்டுமானால் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.